பேப்பர் நாயும் கேட்காத காதும்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் விலை கேட்கிறார். அடுத்த கேள்வி, "பேப்பர் இருக்கா?" பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, இல்லாத குட்டிக்கு வேறு விலை. விற்பவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டும் சான்றிதழில் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பெயர் இருக்கும். பதிவு எண், குட்டியின் தோலுக்கடியில் செலுத்திய மைக்ரோசிப் எண், பிறந்த தேதி, நிறம், அப்பன் பெயர், தாய் பெயர், அவற்றைப் பெற்றவற்றின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். வாங்குபவருக்குத் திருப்தி. 'ஒரிஜினல்தான்' என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்.

அந்தக் காகிதம் சொல்வது ஒன்றே ஒன்று: இன்ன நாய்க்கும் இன்ன நாய்க்கும் பிறந்தது இது. அதுவும் பெரும்பாலும் வளர்த்தவர் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான். குட்டிக்குக் காது கேட்குமா, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, தாய்க்கு இது எத்தனையாவது ஈத்து என்பதெல்லாம் அதில் கிடையாது. பெற்றவை இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை மட்டும் கூர்ந்து படித்தால் கண்டுபிடிக்கலாம். ஒரே பெயர் அப்பன் பக்கத்திலும் வரும், தாய் பக்கத்திலும் வரும். அதைக் கண்டு கலங்குபவர்கள் குறைவு. "அந்த சாம்பியன் லைன் ரெண்டு பக்கமும் இருக்கு சார்" என்று விற்பவர் அதையே கூடுதல் விலைக்குக் காரணமாகச் சொல்வார்.

பதிவு வேண்டும். யார் வளர்த்தது, எந்த வயிற்றில் பிறந்தது என்ற கணக்கே இல்லாத இடத்தில் பொறுப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? என் கவலை வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு நாய்களின் பதிவு இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. மேலைநாட்டுக் கென்னல் கிளப்புகள் ஒன்றரை நூற்றாண்டாகச் செய்து, பட்டு, இன்று திருத்திக்கொண்டிருக்கும் பிழைகளை நாம் முதல் பக்கத்திலிருந்தே படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். மறு ஆண்டே முதல் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டார்கள். அன்று அதன் தேவை எளிமையானது. கண்காட்சிகளில் ஒரே பெயரில் பல நாய்கள் வந்து நின்றன. எது எந்த நாய் என்றே தெரியாமல் ஏமாற்று மலிந்தது. அடையாளம் காண எழுதத் தொடங்கிய ஏடு காலப்போக்கில் வேலியாகிவிட்டது. பெற்றவை இரண்டும் ஏட்டில் இருந்தால்தான் குட்டி ஏட்டில் ஏறும் என்றான பிறகு, உள்ளே இருப்பவற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். ஊற்று அடைபட்ட கிணற்றில் நீர் எவ்வளவு கிடந்தாலும் புதுநீர் இல்லை. போட்டியில் ஜெயித்த ஓர் ஆண் நாயைத் தேடி வந்து ஊரே தன் பெட்டைகளைச் சேர்த்தால், சில ஆண்டுகளிலேயே அந்த வட்டாரத்துக் குட்டிகள் எல்லாம் ஒரு தகப்பன் பிள்ளைகள்.

2008-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த ஏட்டையே எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். பிரிட்டனில் இருந்த சுமார் 20,000 பாக்ஸர் நாய்கள் மரபணுப் பன்மையில் வெறும் சில பத்து நாய்களுக்குச் சமம் என்று விடை வந்தது. அதே ஆண்டு பிபிசி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. மண்டையோடு சிறுத்து மூளைக்கு இடம் போதாமல் துடிக்கும் கவாலியர் இன நாய்களைப் பார்த்து நாடே அதிர்ந்தது. கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் ஒளிபரப்பையும் பிபிசி கைவிட்டது. தகப்பனையும் மகளையும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்துப் பெற்ற குட்டிகளைப் பதிய மாட்டோம் என்று கென்னல் கிளப் சொன்னது அதற்குப் பிறகு, 2009-இல். இதைச் சொல்ல அவர்களுக்கு 136 ஆண்டுகள் பிடித்தன.

டால்மேஷியன் கதை இன்னும் வேடிக்கை. சிறுநீரில் யூரிக் அமிலத்தை அளவுக்கு மீறிக் கொட்டும் குறை அந்த இனத்தின் அசல் நாய்கள் அனைத்திலும் ஊறிப்போயிருந்தது. அதனால் பல நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல். 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு தடவை பாயிண்டர் நாயைக் கலந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் டால்மேஷியனோடே சேர்த்து, குறை நீங்கிய குட்டிகளை உருவாக்கினார். பார்வைக்கு அவை டால்மேஷியனேதான். 1981-இல் அமெரிக்க கென்னல் கிளப் அவற்றில் இரண்டைப் பதிந்தது. ரத்தம் கெட்டுவிட்டது என்று இனச் சங்கத்தார் கொதித்தெழவே, மேற்கொண்டு பதிவதை நிறுத்திவிட்டது. மறுபடி கதவு திறந்தது 2011-இல். முப்பது ஆண்டுகள் கல்லோடு அவதிப்பட்டது நாய்கள். சுத்தம் காப்பாற்றப்பட்டது ஏட்டில்.

இதே டால்மேஷியனில்தான் காதுக் கதையும் இருக்கிறது. அது நம் வீட்டு வாசல் வரை வருகிறது.

உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் செல்கள் உயிரோடிருக்க, பக்கத்திலேயே நிறமிச் செல்கள் இருந்தாக வேண்டும். உடல் முழுக்க வெண்மை பரவச் செய்யும் மரபணு சில குட்டிகளில் உட்காதிலும் நிறமிச் செல்லை இல்லாமல் செய்துவிடுகிறது. குட்டி பிறந்து சுமார் இரண்டு வாரத்தில் காதுத் துவாரம் திறக்கும். மூன்று, நான்கு வாரத்தில் அந்தக் குட்டிகளுக்கு உள்ளே செல்கள் மடிந்துவிடும். அமெரிக்க டால்மேஷியன்களில் பத்துக்கு மூன்று, ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காதவை என்று ஆய்வுகள் காட்டின. பிறக்கும்போதே காதில் பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷியன் குட்டிகளுக்கு இந்தக் குறை குறைவு. ஆனால் இன விதிப்படி, திட்டு இருந்தால் போட்டியில் தகுதி நீக்கம். கேட்கும் வாய்ப்பு அதிகமுள்ள குட்டியை விதியே ஒதுக்கிவிடுகிறது.

ராஜபாளையம் நாயின் பெருமை என்ன? பால் வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றது. பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு என்பது வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் புதிய செய்தியே அல்ல. ஈத்துப் போட்ட கொட்டடிக்குள் மதிய நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் குட்டிகள் தலை தூக்கும், தடுமாறி ஓடி வரும். ஒன்று மட்டும் சுருண்டு தூங்கிக்கொண்டே இருக்கும். கூடப் படுத்திருந்தவை எழுந்து போன அசைவில்தான் அது விழிக்கும். மற்றவை ஓடும் திசை பார்த்து அதுவும் ஓடிவரும், பால் குடிக்கும், விளையாடும்போது கொஞ்சம் அழுத்திக் கடிக்கும், ஏனெனில் கடிபட்டது கத்துவது அதற்குக் கேட்காது. வாங்க வந்தவர் கண்ணுக்கு அது துறுதுறுப்பான குட்டி.

இரண்டு காதும் போன குட்டியைக் கவனமுள்ளவர் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது போனதைக் கண்டுபிடிக்க முடியாது. கை தட்டினால் திரும்பும், தட்டு தரையில் விழுந்தால் துள்ளும். நல்ல நாய் என்று பெயரெடுக்கும், பதிவாகும், கண்காட்சியில் கோப்பைகூட வாங்கும். பிறகு அதையே இனப்பெருக்கத்துக்கு விடுவார்கள். ஒற்றைக் காது நாய்க்குப் பிறக்கும் ஈத்தில் செவிட்டுக் குட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். இப்படித்தான் குறை தலைமுறை தலைமுறையாகக் காகிதத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது.

இதைக் கண்டறியும் பரிசோதனை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கு எடுக்கும் பெரா பரிசோதனைதான். தலைத் தோலில் மெல்லிய ஊசி முனைகளைச் செருகி, ஒவ்வொரு காதிலும் 'டிக் டிக்' ஒலியைச் செலுத்தி, மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று திரையில் பார்ப்பார்கள். கேட்கும் காதுக்கு அலை மேடு பள்ளமாக ஓடும். கேட்காத காதுக்கு நேர்கோடு. சில நிமிட வேலை. ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம். ஆனால் நம் சந்தையில் குட்டிகள் கைமாறும் வயது பல இடங்களில் 30, 35 நாள். சோதிக்கக்கூடிய வயது வரும்போது குட்டி வேறு ஊரில் யார் வீட்டிலோ கட்டிக் கிடக்கிறது. பெற்ற நாய்களின் சொந்தக்காரருக்குத் தன் ஈத்தில் என்ன வந்தது என்பதே தெரியாமல் போகிறது.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் படிக்க நன்றாகவே இருக்கும். இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். பதிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பெட்டைக்கு ஒன்றரை வயது ஆன பிறகே சேர்க்கலாம். எட்டு வயதுக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்து. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பெட்டை வைத்து, பருவத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் மேட்டிங் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் குட்டிப் படம் போட்டு விற்பவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பது தெரியும்?

அவர்களை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. நான்கு கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு தெருவில். நாயைத் தனித்தனியாகப் பதிவது கென்னல் கிளப். வளர்ப்பவரைப் பதிவது விலங்குகள் நல வாரியம். இனத்தைப் பதிவது ஹரியாணா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு. அதன் பட்டியலில் முதலில் ஏறிய நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும். வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் கொடுப்பது மாநகராட்சி. இந்த நான்கு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பேப்பர் உள்ள ஈத்தின் தாய்க்கு இது ஆறாவது பிரசவமா என்று வாரியம் பார்ப்பதில்லை. வாரியத்தில் பதியாத ஆள் கொண்டுவரும் குட்டிகளை கென்னல் கிளப் திருப்பி அனுப்புகிறதா என்று கேட்கவும் ஆளில்லை. தெருவில் கைவிடப்பட்ட ஹஸ்கியின் தோளில் ஒரு சிப் இருந்தாலும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அதை உற்பத்தி செய்தவரிடம் போய் நிற்கும் வழி இல்லை. நாயையும் வளர்ப்பவரையும் பதியும் ஏடுகளை இணைக்க ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. அந்த மைக்ரோசிப் எண்ணைச் சேர்த்துத் தேடும் ஒரு கணினித் தளம் போதும். புதிய சட்டம்கூட வேண்டாம்.

அரசுகளுக்குப் பிடித்தது பட்டியல் போடுவது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று சொல்லித் தடைக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களின் பட்டியல் இருந்தது. பக், பிரெஞ்ச் புல்டாக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு எல்லாம் அதில் அடக்கம். கத்திரி வெயிலில் சப்பை மூக்கோடு மூச்சுக்குத் திணறும் பக் நாயைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டியலோடு சண்டை போட மாட்டார்கள், நானும் போடவில்லை. ஆனால் பேச்செல்லாம் எந்த இனம் உள்ளே, எது வெளியே என்பதிலேயே தீர்ந்துபோனது. எப்படி வளர்க்கிறோம் என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை. நாட்டு நாய் என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்ற மயக்கம் வேறு.

நாட்டு நாய்க்கு ஒரு காலத்தில் கடுமையான தேர்வு இருந்தது உண்மை. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கக் கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பின்னால் ஓடின. மூச்சு வாங்கி நின்ற நாயை, காட்டில் கவனம் சிதறிய நாயைத் தேடிப் பெட்டை கொண்டுவருபவர் எவரும் இல்லை. மயிலையா, செவலையா, கருங்கன்னியா, பால்கன்னியா என்ற நிறப் பேச்செல்லாம் ஓட்டத்துக்குப் பிறகுதான். அந்தத் தேர்வு கொடூரமானதும்கூட. வேண்டாத குட்டிகளை மிச்சம் வைக்காத பழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றம். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் காடு எடுத்த தேர்வின் இடத்தில் இன்று வந்து உட்கார்ந்திருப்பது செல்போன் கேமரா. உயரம், எலும்பு, வெண்மை. ராஜபாளையத்துக்கு ஆகிருதி ஏற்ற கிரேட் டேனைக் கலக்கிறார்கள், சிப்பிப்பாறைக்கு வேகம் ஏற்ற கிரேஹவுண்டைக் கலக்கிறார்கள் என்று வளர்ப்பவர்களே ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள். ஒருபுறம் கள்ளக் கலப்பு, மறுபுறம் அதற்குப் பயந்து ஒரே குடும்பத்துக்குள் சேர்ப்பது. இரண்டுக்கும் நடுவில் வழி சொல்ல ஆளில்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். இப்படிப் பெயர் வெளியே வந்து கிராக்கி ஏறும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று நாய்ப்பிரியர்களுக்குத் தெரியும். இருக்கிற பெட்டைகள் எல்லாம் ஓய்வில்லாமல் ஈத்துப் போடும்.

அரசே வளர்த்தால் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நாட்டு நாய்களைப் பெருக்கக் கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் நடத்திவந்த பிரிவை, விலங்குநல ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. கர்நாடகத்தில் வேறு மாதிரி செய்தார்கள். பாகல்கோட் மாவட்டம் திம்மாபூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்து, முதோல் நாயை வளர்ப்பவர்களோடு சேர்ந்து இயங்கினார்கள். அங்கிருந்து குட்டிகள் ராணுவம் வரை போயின. நாயை அரசுக் கொட்டடியில் அடைப்பதைவிட, வீட்டில் வளர்ப்பவருக்கு அறிவியலைக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

ஃபின்லாந்து கென்னல் கிளப் 'பெவிசா' என்ற திட்டத்தின் கீழ் ஒவ்வொரு இனத்துக்கும் தனி நிபந்தனை வைத்திருக்கிறது. மூட்டுக் கோளாறுள்ள இனமா, பெற்றவை இரண்டுக்கும் மூட்டுப் படம் எடுத்திருந்தால்தான் குட்டிகளுக்குப் பதிவு. கண் நோயுள்ள இனமா, கண் பரிசோதனை. சில இனங்களில் ஓர் ஆண் நாய் வாழ்நாளில் எத்தனை குட்டிக்குத் தகப்பனாகலாம் என்றுகூட வரம்பு. முடிவுகள் எல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. மறைக்க ஒன்றும் இல்லை என்பவரால் மட்டுமே அங்கே பேப்பரோடு விற்க முடியும். நம் ராஜபாளையத்துக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துக்கொள்ளலாம்: பெற்றவை இரண்டுக்கும் இரு காதும் கேட்கும் என்ற பெரா சான்று இல்லாமல் குட்டிகளுக்குப் பேப்பர் கிடையாது. நெருங்கிய உறவில் பிறந்தவற்றுக்கும் கிடையாது. அண்ணன் தங்கைக்குப் பிறந்த குட்டியில் நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் இரட்டைப் படியாக வந்து நிற்கும். ஒளிந்திருக்கும் குறை வெளியே வர அதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? கருவிக்கு எங்கே போவது என்பார்கள். மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருக்கும் கருவிதான் இது. கோம்பை ஊருக்கு அருகில் தேனியிலும், சிப்பிப்பாறை ஊருக்கு எட்டும் தொலைவில் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஆளுக்கொரு கருவி வாங்கிவைத்து, மாதம் ஒரு நாள் முகாம் போட்டாலே வேலை தொடங்கிவிடும்.

விலை ஏறிவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஏறட்டும். காது கேட்காத குட்டியை வாங்கி, அது கூப்பிட்டால் வருவதில்லை என்று அடித்து, பின்னால் வந்து தொட்டதும் திடுக்கிட்டுக் கடித்தது என்று சொல்லி நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகும் செலவை இப்போது நாயே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நிபந்தனை போடும்போதே கதவையும் அடைத்துவிடக் கூடாது. இதுதான் எனக்கு மிக அவசரமாகப் படுகிறது. பசெஞ்சி என்ற ஆப்பிரிக்க நாய்க்கு அமெரிக்காவில் இருந்த ரத்தம் வறண்டுபோனபோது, அங்கே பதிவேட்டை 1990-இல் திறந்து, காங்கோ காட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த நாய்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கடல் கடந்து போய்த் தேட வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. கரிசல் காட்டில் ஆட்டுக் கிடைக்குக் காவல் கிடக்கும் பேப்பரில்லாத கன்னியும், மலையடிவாரத் தோட்டத்தில் கட்டிக் கிடக்கும் பேப்பரில்லாத கோம்பையும் இன்னும் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கண்காட்சிக்கு வருவதில்லை; வந்து நின்றாலும் அந்தக் கூட்டம் அவர்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முன்னோர் தெரியாத நாயைத் தோற்றம் பார்த்து முதல் தலைமுறையாக ஏட்டில் ஏற்றும் முறை கென்னல் கிளப்புகளுக்குப் புதிதல்ல. கன்னி தனி இனமா, சிப்பிப்பாறையின் நிற வகையா என்ற சண்டை ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரத்த மாதிரி எடுத்துவைத்தால் ஆய்வகம் அதைப் பிறகு தீர்த்துக்கொள்ளும். நடுவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகட்டும். கட்டணம் வாங்காமல், சிப் போட்டு, காது பார்த்து, அந்த நாய்களை எழுதிக்கொள்ளட்டும். பத்து ஆண்டு கழித்துப் போனால், அங்கேயும் இதே சாம்பியனின் பேரப்பிள்ளைகள்தான் கட்டிக் கிடக்கும்.